ஏரிக்குக் கீழே வீடு: பையைக் கட்டும் முன் கோடியைப் போய்ப் பாருங்கள்

கேட்டவர் ஓசூரில் வேலை பார்க்கும் ஒரு தம்பி. சொந்த ஊர் ஊத்தங்கரைப் பக்கம். ஊரில் 72 வயது அப்பா, அம்மா, இரண்டு கறவை மாடு, ஆறு ஆடு. வீடு ஏரிக்குக் கீழ்ப்பக்கம். முன்பாதி மெத்தை, அதாவது தளம் போட்ட கட்டிடம்; பின்பாதி பழைய மண்சுவர் மேல் ஓடு. 2024 டிசம்பரில் வாசல்படி வரை தண்ணீர் வந்து நின்றது. அதற்குப் பிறகு இணையத்தில் பார்த்த ஒரு பட்டியலை வைத்து டார்ச், பிஸ்கட், மூன்று நாள் தண்ணீர், மருந்து எல்லாம் ஒரு பையில் கட்டி அம்மாவிடம் கொடுத்திருக்கிறார். "இது போதுமா, நம்ம பக்கம் உண்மையில் என்னென்ன ஆபத்து, பேசாமல் இரண்டு பேரையும் ஓசூருக்கே கூட்டி வந்துவிடலாமா" என்று மூன்று கேள்வி.

நான் கிராம நிர்வாக அலுவலராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்த 2004க்கு முன்னும் பின்னும் இந்த இரண்டு மாவட்டத்திலும் ஏரிக்கரையில் ராத்திரி நின்றிருக்கிறேன். அதில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தம்பி, பை கட்டியது நல்லதுதான். ஆனால் அந்தப் பட்டியலை எழுதியவருக்கு உங்கள் ஏரியின் கோடி, அதாவது ஏரி நிரம்பினால் தண்ணீர் வெளியேறும் இடம், எந்தப் பக்கம் என்று தெரியாது. உங்களுக்குத் தெரியுமா? உங்கள் ஏரிக்கு மேலே எத்தனை ஏரி இருக்கிறது, அவற்றின் பெயர் என்ன? இதற்குப் பதில் தெரியாமல் பை மட்டும் இருந்தால், வெள்ளம் வரும்போது அந்தப் பையும் மிதக்கும்.

நம் ஜில்லாவுக்கு ஒரு குணம் உண்டு. வறட்சிக்கே பழகியது. வருடம் முழுக்கப் பெய்கிற மழை 80, 90 செ.மீ. சுற்றித்தான். அதிலும் பல வருடம் ஏமாற்றிவிடும். பத்து வருடம் ஓடை காய்ந்து கிடந்தால் முதலில் வண்டிப்பாதை ஆகும். அப்புறம் ஒருவர் மாட்டுக்கொட்டகை போடுவார். அதற்கு அப்புறம் கொட்டகைக்குப் பக்கத்தில் வீடு வரும், வீட்டுக்கு மின் இணைப்பு வரும். கணக்கில் ஓடைப் புறம்போக்கு என்று இருக்கும், தரையில் இருக்காது. ஒரு முறை கனமழை எச்சரிக்கை வந்து, ராத்திரி பத்து மணிக்கு ஒரு ஊரில் போய்ச் சொன்னேன். ஒரு பெரியவர் சிரித்தார். "எங்க ஏரி ரொம்பி பதினஞ்சு வருசம் ஆச்சு சார், அது எங்க கோடி போவப் போவுது" என்றார். அவர் மேல் தப்பில்லை. அவர் கண்ணால் பார்த்ததைச் சொன்னார்.

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கம் கரை கடந்தது. கடலிலிருந்து ஏறக்குறைய 150 கி.மீ. உள்ளே இருக்கும் ஊத்தங்கரையில் டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் 50 செ.மீ. கொட்டியது. அரூரில் 33 செ.மீ. ஊத்தங்கரைப் பேருந்து நிலையம் பக்கம் நிறுத்தியிருந்த வேனும் காரும் ஏரித் தண்ணீரில் பொம்மை மாதிரி அடித்துக்கொண்டு போனதை நாடே கைப்பேசியில் பார்த்தது. 50 செ.மீ. என்றால் எவ்வளவு? ஒரு ஏக்கர் நிலத்தில் 1 செ.மீ. மழை விழுந்தால் சுமார் 40,000 லிட்டர். 50 செ.மீ.க்கு 20 லட்சம் லிட்டர். கோடையில் நம் ஊருக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஏக்கரிலும் அப்படி 170 லாரி தண்ணீரை ஒரே நாளில் கவிழ்த்தது மாதிரி.

வானிலை மையம் ஆரஞ்சு என்றால் 12 முதல் 20 செ.மீ. வரை எதிர்பார்க்கிறது, சிவப்பு என்றால் 20க்கு மேல். 21ம் சிவப்புதான், 50ம் சிவப்புதான். அதனால் நிறத்தை எழுந்து உட்கார மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எப்போது வீட்டை விட்டுக் கிளம்புவது என்பதை ஏரியைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

நம் பக்கம் ஏரிகள் தனித்தனி இல்லை, தொடர் ஏரிகள். மேல் ஏரி நிரம்பி கோடி போனால் அந்தத் தண்ணீர் அடுத்த ஏரிக்கு, அது நிரம்பினால் அதற்கடுத்ததுக்கு, கடைசியில் பாம்பாற்றுக்கோ தென்பெண்ணைக்கோ. சாதாரண மழைக்கு இது அற்புதமான ஏற்பாடு. பெருமழையில் இதுவே வினை. மேலே ஓர் ஏரி உடைந்தால் அந்த மொத்தத் தண்ணீரும் அரை மணியிலோ ஒரு மணியிலோ கீழ் ஏரியின் கரையில் வந்து மோதும். உங்கள் ஊரில் மழை விட்டுக்கூட இருக்கலாம். அப்பாவைக் கேளுங்கள், மேல் ஏரியின் பெயரும், அந்த ஊரில் தெரிந்தவர் யார் என்பதும் அவர் வாயில் இருக்கும். அந்த ஆளின் கைப்பேசி எண்ணை வாங்கி அம்மாவின் போனிலும் உங்கள் போனிலும் ஏற்றுங்கள். எந்தச் செயலியை விடவும் இந்த ஓர் எண் உங்களுக்கு உதவும்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அரை நாள் ஒதுக்குங்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஏரிக்கரையில் நடங்கள். கையில் உங்கள் சர்வே எண்ணின் புலப்படம் இருக்கட்டும். அரசின் இணையதளத்திலேயே எடுக்கலாம். அதில் ஓடையும் வாய்க்காலும் எங்கே போகிறது என்று கோடு இருக்கும். அந்தக் கோட்டை நிலத்தில் தேடுங்கள். எங்கே காணாமல் போகிறதோ அங்கேதான் தண்ணீர் வழி தெரியாமல் பரவும். அது உங்கள் வீட்டுக்கு மேலேயா கீழேயா என்று பாருங்கள்.

கோடிக்குப் போங்கள். சில இடத்தில் கலிங்கு என்பார்கள், ஒன்றுதான். ஏரி நிரம்பினால் உபரி வெளியேறும் வாசல் அது. அதன் மேல் மண் மூட்டை அடுக்கி உயர்த்தியிருந்தால், கொஞ்சம் கூடுதல் தண்ணீர் நிற்கட்டும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். அந்தக் கூடுதல் தண்ணீர் நிற்பது கரையின் பலத்தில். இன்னொன்று, மீன் குத்தகை எடுத்தவர்கள் மீன் வெளியே போகாமல் இருக்க கோடியில் வலை கட்டுவார்கள். வெள்ளம் வரும்போது ஆகாயத்தாமரையும் குப்பையும் அந்த வலையில் அடைத்துக்கொள்ளும், வலையே தடுப்பணை ஆகிவிடும். செப்டம்பர் வந்ததும் ஊரில் நாலு பேர் சேர்ந்து குத்தகைக்காரரிடம் பேசி, கனமழை அறிவிப்பு வந்தால் அவரே வந்து வலையை அவிழ்ப்பது என்று வாய்ச்சொல் வாங்கிவிடுங்கள். சண்டை வேண்டாம், அவரும் பிழைப்புக்குத்தான் கட்டுகிறார்.

கரையின் கீழ்ப்பக்கம் நடக்கும்போது ஈரம் இருக்கிறதா பாருங்கள். எலி வளை, நண்டு வளை, சீமைக்கருவேல மரம் பட்டுப்போய் வேர் உளுத்த துளை எல்லாம் தண்ணீருக்கு வழி. நிரம்பிய ஏரியில் கரையடியில் தெளிந்த தண்ணீர் லேசாகக் கசிந்தால் அதிகாரியிடம் சொல்லிவிட்டுக் கவனித்துக்கொண்டிருக்கலாம். கலங்கிய தண்ணீர் கசிந்தால் உள்ளே மண் கரைந்து வருகிறது என்று அர்த்தம். அப்போது போன் பேசிக்கொண்டே மேட்டுக்கு ஓடுங்கள். ஒன்றை அழுத்திச் சொல்கிறேன், ஊரே சேர்ந்து சொன்னாலும் ராத்திரியில் கரையை வெட்டிவிடப் போகாதீர்கள். உங்கள் தெருவைக் காப்பாற்ற வெட்டிய வெட்டு கீழூரில் சாவு வைக்கும். ஒரு முழம் என்று வெட்டியது பத்து நிமிடத்தில் லாரி போகும் அகலம் ஆகிவிடும்.

2024இல் தண்ணீர் நின்ற உயரத்தை வீட்டுச் சுவரில் பெயிண்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள். சுண்ணாம்பு அடிக்கும்போது அழிக்காதீர்கள். பிறகு உங்கள் வீட்டுக்கென்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கோடி போக ஆரம்பித்தால் மாடு ஆடு மேட்டுக்குப் போகும். கோடியில் முழங்கால் உயரம் தண்ணீர் போனால், அல்லது மேல் ஏரி ஆள் போன் செய்தால், அப்பா அம்மா கிளம்புவார்கள். யாரையும் கேட்க வேண்டியதில்லை. ராத்திரி ஒரு மணிக்கு, மழைச் சத்தத்தில், கரண்ட் இல்லாமல், வயதானவர்களால் யோசித்து முடிவெடுக்க முடியாது. முடிவைப் பகலிலேயே எடுத்து வைத்துவிட வேண்டும்.

ஆற்றோரம் இருப்பவர்களுக்கு வேறு கணக்கு. தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலையில் பிறந்து கெலவரப்பள்ளி அணை, கே.ஆர்.பி. என்கிற கிருஷ்ணகிரி அணை வழியாக வருகிறது. 2017 நவம்பர் 29 அன்று கே.ஆர்.பி. அணையின் முதல் ஷட்டர் உடைந்தது. ஆற்றோரம் ஐந்து மாவட்டத்துக்கு எச்சரிக்கை போனது. தண்ணீரை அனுப்பியது வானம் இல்லை, ஓர் இரும்புக் கதவு. காவிரியும் அப்படித்தான். ஒகேனக்கல்லில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும், கர்நாடக அணைகளில் திறந்த தண்ணீர் மாநில எல்லையில் இருக்கும் பிலிகுண்டுலுவைத் தாண்டி வந்துகொண்டிருக்கும். 2022 ஆகஸ்டில் அங்கே வினாடிக்கு 2 லட்சம் கன அடிக்கு மேல் வந்தது. ஆற்றங்கரை ஊர்களில் தண்டோரா போடுவது 2022இல் நிறுத்தப்பட்டது. நல்ல முடிவுதான், அந்த வேலையை ஒரு சாதியின் தலையில் கட்டிவைத்திருந்தோம். இப்போது வண்டியில் ஒலிபெருக்கி வருகிறது. மழைச் சத்தத்தில் அது கடைசித் தெருவுக்குக் கேட்காது, அதையும் கணக்கில் வையுங்கள்.

தரைப்பாலத்தைப் பற்றி ஒரே வரி: பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால் தாண்டாதீர்கள். ஓர் அடித் தண்ணீரே சின்னக் காரைத் தூக்கிவிடும், பைக் எந்த மூலைக்கு. அக்கம்பக்கத்துக் கிணறுகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் பாதிக் கிணற்றுக்குக் கைப்பிடிச்சுவர் கிடையாது. வெள்ளத்தில் வயலும் கிணறும் ஒரே மட்டமாகத் தெரியும். நாலு மூலையிலும் கல்லுக்கால் நட்டு, சிவப்புத் துணி கட்டிவிடச் சொல்லுங்கள்.

இனி உங்கள் வீட்டின் பின்பாதி. என் கவலையில் பெரும்பங்கு அதன் மேல்தான். கூரையும் மண்சுவரும் கொன்ற அளவுக்கு ஆற்று வெள்ளம் கொன்றதை என் வேலைக்காலத்தில் நான் பார்த்ததில்லை. மண்சுவர் மழை பெய்யும்போதுதான் விழும் என்று பலர் நம்புகிறார்கள். ஊறி, கனத்து, மழை விட்ட மறுநாளோ மூன்றாம் நாளோ, வெயில் ஏறும்போது ஒரு பக்கம் மட்டும் காய்ந்து சரியும். அதற்குள் "மழைதான் விட்டாச்சே" என்று எல்லோரும் உள்ளே படுத்திருப்பார்கள். சுவரடியில் ஒரு முழத்துக்கு மேல் ஈரம் ஏறியிருந்தால், மூலையில் மேலிருந்து கீழாக விரிசல் இருந்தால், கதவு திடீரென்று இறுக்கினால், ராத்திரி பொட்டுப் பொட்டென்று மண் உதிர்ந்தால், அந்த அறையில் யாரும் படுக்கக் கூடாது. மழைக்காலம் மூன்று மாதமும் அப்பா அம்மா கட்டில் முன்பாதி மெத்தைக்குள் இருக்கட்டும். பின்பாதியில் தட்டுமுட்டுச் சாமான் இருக்கட்டும். ஆடு கட்டுவதும் அந்தச் சுவரோரம் வேண்டாம்.

அதிகச் செலவில்லாத வேலை ஒன்று: ஓட்டிலிருந்து விழும் தண்ணீர் சுவரடியில் விழாமல் தகரத்தில் தாழ்வாரம் வைத்துத் தள்ளி விடுங்கள். சுவரைச் சுற்றி மண்ணை அணைத்து வெளிப்பக்கம் சரிவாக்குங்கள். உங்கள் சுவரைப் பார்ப்பது போலவே பக்கத்து வீட்டுச் சுவரையும் பாருங்கள். 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையத்தில் 17 பேர் உயிரைக் குடித்தது அடுத்தவர் கட்டிய மதில்சுவர்.

இடி மின்னலை நம் ஆட்கள் ஆபத்தாகவே நினைப்பதில்லை. சித்திரை வைகாசியில் கோடை மழையோடும், புரட்டாசி ஐப்பசியில் சாயங்கால மழையோடும் வரும். மேய்ச்சலில் இருக்கும்போது மழை வந்தால் ஆட்டை ஓட்டிக்கொண்டு புளியமரத்தடியில் ஒதுங்குவது நம் வழக்கம். தருமபுரிச் சாலை முழுக்கப் புளியமரம், அதனால் கால் தானாகப் போகும். ஆளும் ஆடும் சேர்ந்து சாவது அங்கேதான். மின்னல் தெரிந்ததிலிருந்து எண்ணுங்கள். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் 10 கி.மீ.க்குள் இருக்கிறது. ஆட்டை விட்டுவிட்டு வீட்டுக்குள்ளோ மூடிய வண்டிக்குள்ளோ போக வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் வெளியே வரக் கூடாது. வெட்டவெளியில் மாட்டிக்கொண்டால் மரத்தையும் கம்பிவேலியையும் விட்டு விலகி, பள்ளமான இடத்தில் குந்த வேண்டும், படுக்கக் கூடாது. மோட்டார் ஸ்டார்ட்டரைத் தொடப் போகக் கூடாது. மின்னல் தாக்கியவரைத் தொட்டால் நமக்கும் ஷாக் அடிக்கும் என்று தூர நிற்பார்கள். அது பொய். அவர் உடம்பில் மின்சாரம் இருக்காது. மூச்சு இல்லையென்றால் நெஞ்சை அழுத்திக்கொண்டே 108ஐக் கூப்பிடுங்கள். தாமினி என்ற செயலி நம் இடத்தைச் சுற்றி மின்னல் வருவதை முன்னால் சொல்லும். அப்பாவின் போனில் ஏற்றிக் கொடுங்கள், தமிழக அரசின் டிஎன் அலர்ட்டையும் சேர்த்து.

குடிதண்ணீரில் நம் ஜில்லாவுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. நிலத்தடியில் புளோரைடு. கோடையில் தண்ணீர் கீழே போகப் போக ஆழ்துளைக் கிணற்றில் அது கூடும். பல்லில் பழுப்பு, முட்டியில் வலி, வளைந்த கால் எல்லாம் நம் ஊர்களில் புதுசில்லை. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013இல் ஓடத் தொடங்கியது. ஆனால் அது மோட்டார் வைத்து மேட்டுக்கு ஏற்றி அனுப்பும் தண்ணீர். புயல் வந்து மின்சாரம் போனால், எங்கோ குழாய் உடைந்தால், உங்கள் ஊர்த் தொட்டிக்கு வராது. அப்போது என்ன குடிப்பது?

பலர் "கொதிக்க வைத்தால் புளோரைடு போய்விடும்" என்கிறார்கள். போகாது, தண்ணீர் ஆவியாகி இன்னும் செறிவாகும். ஆனால் வெள்ளம் வந்த நாலைந்து நாளுக்குப் புளோரைடைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அது வருடக்கணக்கில் வேலை செய்கிற விஷம். வாந்திபேதி இரண்டே நாளில் ஆளைச் சாய்த்துவிடும். ஆகவே அவசரத்துக்கு வெள்ளம் புகாத ஆழ்துளைத் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்துக் குடிக்கலாம். வெள்ளம் புகுந்த திறந்த கிணற்றுத் தண்ணீரைக் குளோரின் போட்டுச் சுத்தம் செய்யும்வரை தொடாதீர்கள். மழை அறிவிப்பு வந்த அன்றே மூடி உள்ள குடங்களில் ஓர் ஆளுக்கு நாளுக்கு நாலு லிட்டர் வீதம் பிடித்து வைக்கச் சொல்லுங்கள். முன்பாதி மெத்தைதானே, மழைநீரைப் பிடித்தால் அதில் புளோரைடு கிடையாது. 1,000 சதுர அடி மாடியில் 1 செ.மீ. பெய்தாலே 900 லிட்டர். முதல் மழையைக் கழுவ விட்டுவிட்டு மூடிய தொட்டியில் சேருங்கள், கோடைக்கும் ஆகும்.

பையில் பிஸ்கட்டை எடுத்துவிட்டு அவல், பொட்டுக்கடலை, வெல்லம் வையுங்கள். அப்பா அம்மா பிஸ்கட்டில் மூன்று நாள் தள்ள மாட்டார்கள். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரை பதினைந்து நாளுக்குக் குறையாமல் கையில் இருக்கட்டும். வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் நம் சூளகிரி பக்கத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கியதுதான். மாத்திரை கொண்டுவரும் ஊழியரிடம் மழைக்காலத்துக்கு முன்பே சொல்லி வையுங்கள். பட்டன் போன் ஒன்று, சில்லறை நோட்டாக இரண்டாயிரம் ரூபாய், அம்மாவின் மூக்குக்கண்ணாடி. வெள்ளத்துக்குப் பிறகு பாம்பு வீட்டுக்குள் வரும். கடித்தால் கட்டாதீர்கள், கீறாதீர்கள், 108இல் நேராக அரசு மருத்துவமனை.

மாடு. இதைச் சொல்லாமல் நம் ஊரில் யாரையும் வீட்டை விட்டுக் கிளப்ப முடியாது. வீட்டை விட்டு வர மறுத்தவர்களில் பாதிப்பேர் மாட்டுக்காகத்தான் மறுத்தார்கள். ஒரு அம்மா கொட்டகையில் கட்டிய மாட்டை அவிழ்க்க இருட்டில் திரும்பிப் போய், முடிச்சு நனைந்து இறுகிப்போய் அவிழ்க்க முடியாமல் தவித்தார். அவரை இழுத்து வந்தோம், மாட்டை இழக்க வேண்டியதாயிற்று. அதனால் மழைக்காலத்தில் ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சாகப் போடச் சொல்லுங்கள், கூரை எரவாணத்தில் ஓர் அரிவாளும் செருகி இருக்கட்டும். கொண்டுபோக முடியாவிட்டால் அவிழ்த்து விட்டுவிடுங்கள், மாடு நீந்தும், மேடு தேடும். வைக்கோல் போரும் ராகித்தாளும் சோளத்தட்டும் தாழ்வில் போட வேண்டாம். கறவை மாட்டுக்கு நாளுக்கு ஆறேழு கிலோ உலர்தீவனம் என்று கணக்குப் போட்டு, ஒரு வாரத்துக்கு மேட்டில் தார்ப்பாய் மூடி வையுங்கள். மழைக்கு முன் சப்பை நோய், தொண்டை அடைப்பான், ஆட்டுக்குத் துள்ளுமாரி தடுப்பூசி போட்டுவிடுங்கள். கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962.

இப்போது என் பழைய தொழில். நிவாரணம் வரும்போது யாருக்குக் கிடைக்கவில்லை என்று பார்த்தால், பெரும்பாலும் நஷ்டம் இல்லாதவர்களுக்கு அல்ல, கணக்கில் இல்லாதவர்களுக்கு. ஃபெஞ்சலுக்குப் பிறகு அரசு அறிவித்தது: சேதமடைந்த குடிசைக்கு 10,000 ரூபாய், பசு எருமைக்கு 37,500, ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100. 33 விழுக்காட்டுக்கு மேல் சேதமான பயிருக்கு ஹெக்டேருக்குப் பாசனப் பயிர் 17,000, மானாவாரி 8,500, மரப்பயிர் 22,500. பயிருக்கு இதை வாங்க அடங்கலில், அதாவது வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) எழுதும் பயிர்க் கணக்கில், உங்கள் பயிர் இருக்க வேண்டும். வயலில் மரவள்ளி நிற்கும், அடங்கலில் தரிசு என்று இருக்கும். வி.ஏ.ஓ. வந்து பார்க்கவில்லை என்பீர்கள். சில பேர் பார்க்காமல் எழுதியதும் உண்டு, என் துறை என்பதால் மறைக்கப் போவதில்லை. விதைத்த மாதமே போய்ப் பதிவாகிவிட்டதா என்று கேளுங்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் பணம் தாத்தாவைத் தேடிக்கொண்டிருக்கும். வருடாந்திர வருவாய்க் கணக்குத் தணிக்கையான ஜமாபந்தியில் மனு கொடுத்து மாற்றுங்கள், அதே மனுநாளில் ஓடை ஆக்கிரமிப்பையும் எழுதிக் கொடுக்கலாம்.

மாடு செத்தால் மனசு கேட்காமல் உடனே புதைத்துவிடுவார்கள். கால்நடை மருத்துவரின் உடற்கூறாய்வுச் சான்று இல்லாமல் ஒரு ரூபாய் வராது. முதலில் போட்டோ, பிறகு அவருக்குப் போன், பிறகுதான் குழி. பயிர்க்காப்பீடு இருந்தால் ஆலங்கட்டி மழை, வயலில் நீர் தேங்குதல் மாதிரி உங்கள் வயலுக்கு மட்டும் வந்த சேதத்தை 72 மணி நேரத்துக்குள் 14447இல் சொல்ல வேண்டும். மூலப்பத்திரம், பட்டா, ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம் ஒரு நெகிழிக் கவரில், மூடி இறுகிய எவர்சில்வர் தூக்கில், மெத்தைப் பகுதியின் பரணில். நகலெல்லாம் உங்கள் போனில். வீட்டையும் மாட்டையும் வயலையும் நல்லபடியாக இருக்கும்போதே போட்டோ எடுங்கள், சேதத்துக்கு முன் எப்படி இருந்தது என்று காட்ட வேறு வழி இல்லை.

மற்றவை சுருக்கமாக. சூறைக்காற்று மாங்காயையும் வாழையையும் கொட்டிவிடும், அதைத் தடுக்க வழியில்லை. தகரக் கொட்டகை மேல் கல் தூக்கி வைக்காதீர்கள், காற்றில் அந்தக் கல்தான் தலையில் விழும், ஜே போல்ட் போட்டு முடுக்குங்கள். காட்டையொட்டித் தோட்டம் இருந்தால் மாசி முதல் சருகைக் கூட்டி இடைவெளி விடுங்கள், அங்கேயே கொளுத்தாதீர்கள். மலையடிவாரத்தில் மழைக்குப் பின் பாறை உருளும். 2021 நவம்பரில் தொப்பூருக்கும் சிவாடிக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்த ரயில் மேலேயே பாறை விழுந்து பெட்டிகள் தடம் புரண்டன. நல்லவேளை உயிர்ச்சேதம் இல்லை. அறுந்த மின்கம்பிக்கு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987, மற்ற எதற்கும் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077.

கடைசிக் கேள்வி, ஓசூருக்குக் கூட்டிப் போவது. அப்பா வர மாட்டார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வந்தாலும் மாட்டை விற்றுவிட்டு வர வேண்டும், அந்த இரண்டு மாடுதான் அவரை நடமாட வைத்துக்கொண்டிருக்கிறது. வருடத்தில் பயப்பட வேண்டியது பத்துப் பதினைந்து ராத்திரிதான். மேட்டுத் தெருவில் அத்தை வீடு இருக்கிறது என்றீர்கள். அந்த வீட்டுச் சாவி ஒன்று உங்கள் அம்மாவிடம் இருக்கட்டும். கொல்லையில் இரண்டு முளைக்குச்சி அடித்து, மாடு கட்ட இடம் கேட்டு வாங்குங்கள். மழை இல்லாத ஒரு நாள் சாயங்காலம் அப்பா அம்மா மாடு ஆடு எல்லோரையும் ஒரு தடவை அங்கே நடத்திக் கூட்டிப் போய், எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். அப்பா சிரிப்பார். அத்தை வீட்டில் காபி குடிக்கத்தான் போகிறோம் என்று சொல்லிக் கூட்டிப் போங்கள்.